மின்கழிவுச் சட்டம் எதற்குக் காசு கொடுக்கிறது, குப்பைமேட்டுக்கு என்ன போகிறது?

கொரட்டூர்_வாசி
திங்கள், காலை 9.40

எங்கள் அடுக்குமாடிச் சங்கத்தில் ஒரு தகராறு ஓடிக்கொண்டிருக்கிறது. மாடிப்படிக்கு அடியில் பழைய ஃபிரிட்ஜ், டப்பா டிவி, செத்துப்போன யூபிஎஸ், ஒரு மூட்டை சார்ஜர் எல்லாம் சேர்ந்து கிடக்கின்றன. "சட்டம் வந்தாச்சு, பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்குத்தான் கொடுக்க வேண்டும்" என்கிறது ஒரு தரப்பு. "காயலான் கடைக்காரரைக் கூப்பிட்டால் காசு தந்து எடுத்துப் போவார், அவர் ஒன்றும் அதைக் கொண்டுபோய்க் கொடுங்கையூர்க் குப்பைமேட்டில் கொட்டப் போவதில்லை" என்கிறது இன்னொரு தரப்பு.

விதிகளை எடுத்துப் படித்தேன். மின்கழிவு மேலாண்மை விதிகள் நவம்பர் 2022-இல் அறிவிக்கப்பட்டு 1.4.2023 முதல் நடப்பில் இருக்கின்றன. முன்பு 21 வகைச் சாதனங்கள்தான், இப்போது 106. பொம்மை, மருத்துவக் கருவி, சோலார் பலகை வரை உள்ளே வந்துவிட்டன. தயாரிப்பு நிறுவனங்கள் தாங்கள் சில ஆண்டுகளுக்கு முன் விற்ற எடையில் 2023-24, 2024-25 ஆண்டுகளுக்கு 60%, அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு 70%, 2027-28 முதல் 80% மறுசுழற்சி ஆனதாகக் கணக்குக் காட்ட வேண்டும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது.

எனக்குப் பிடிபடாத இடம் ஒன்று. குப்பைமேட்டுக்கு மின்கழிவு போகாமல் தடுக்கிறோம் என்கிறோமே, இப்போது உண்மையில் அங்கே என்னதான் போகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


சர்வீஸ்_அண்ணாச்சி
திங்கள், காலை 11.15

ஃபிரிட்ஜைப் பற்றி நான் சொல்லலாம், பிழைப்பே அதுதான்.

காயலான் கடைக்கு ஒரு ஃபிரிட்ஜ் போனால் முதலில் கழற்றுவது கம்ப்ரஸர். பின்னால் இருக்கும் பைப்பை நறுக்குவார்கள், புஸ்ஸென்று ஒரு சத்தம், கேஸ் காலி. ரொம்பப் பழைய மாடல் என்றால் ஆர்-12, அப்புறம் வந்தவற்றில் ஆர்-134ஏ. இந்த 134ஏ ஒரு கிலோ வெளியே போனால் சுமார் 1,400 கிலோ கரியமில வாயு விட்டதற்குச் சமம் என்று கணக்கு. ஆர்-12 அதைப்போல ஏழெட்டு மடங்கு, ஓசோனையும் சேர்த்துக் கெடுக்கும். ஒரு வீட்டு ஃபிரிட்ஜில் நூறு நூற்றைம்பது கிராம்தான் இருக்கும், அதனால் யாரும் கண்டுகொள்வதில்லை.

கம்ப்ரஸருக்குள் செம்புச் சுருள், அதற்குத் தனி விலை. காயில் செம்போ அலுமினியமோ, அதற்கும் விலை. பாடி தகரம், இரும்பு விலைக்குப் போய்விடும். உள்ளே இருக்கும் கண்ணாடித் தட்டும் டிரேயும் நல்ல நிலையில் இருந்தால் எங்களைப்போன்ற சர்வீஸ்காரர்களே வாங்கிக்கொள்வோம். மிச்சம் என்ன? வெளித்தகரத்துக்கும் உள் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் நிரப்பியிருக்கிற மஞ்சள் பஃப். அதை ஒருத்தரும் வாங்க மாட்டார். தெருமுனைத் தொட்டி, காலி மனை, இல்லாவிட்டால் ராத்திரியில் தீ. பழைய ஃபிரிட்ஜ்களில் அந்தப் பஃபை ஊத வைக்க ஆர்-11 என்ற கேஸ் போட்டிருப்பார்கள். பைப்பில் ஓடுகிற கேஸைவிடப் பஃபுக்குள் அடைந்து கிடப்பது அதிகம். பிய்க்கப் பிய்க்க வெளியே வந்துகொண்டே இருக்கும்.

ஆகவே உங்கள் சங்கத்தில் இரண்டு தரப்பும் பாதி பாதி சரி. ஃபிரிட்ஜ் குப்பைமேட்டுக்குப் போகாது. ஃபிரிட்ஜில் விலை போகாத பாகம் போகும்.


ஓரகடம்_ஷிப்ட்
திங்கள், மதியம் 1.05

அண்ணாச்சி சொன்னதுதான் விஷயமே. நான் பதிவு பெற்ற ஒரு ஆலையில் வேலை பார்க்கிறேன், எது என்று கேட்காதீர்கள்.

சட்டம் எதற்குக் காசு கொடுக்கிறது என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஆலை மின்கழிவை உடைத்து என்ன உலோகம் எடுத்து விற்றதோ, அதை வைத்துத்தான் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் சான்றிதழ் உருவாகும். கணக்கில் வருவது தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு. தயாரிப்பு நிறுவனங்கள் அந்தச் சான்றிதழை வாங்கித் தங்கள் இலக்கை அடைத்துக்கொள்ளும். இதற்குப் பெயர்தான் உற்பத்தியாளர் பொறுப்பு.

இந்த நான்கு உலோகத்துக்கும் சட்டமே இல்லாத காலத்திலும் வாங்க ஆள் இருந்தது. செம்பு ஒயரை யாராவது குப்பையில் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சர்க்யூட் போர்டும் அப்படித்தான். நல்ல செல்போன் போர்டில், தங்கச் சுரங்கத்து மண்ணில் இருப்பதைவிடப் பல மடங்கு தங்கம் உண்டு. ஆனால் பஃபுக்கோ, டப்பா டிவியின் பிக்சர் டியூப் கண்ணாடிக்கோ, தீப்பிடிக்காமல் இருக்கப் புரோமின் சேர்த்த பிளாஸ்டிக்குக்கோ சான்றிதழ் கிடையாது. அவை ஆலைக்கு வெறும் செலவு. கும்மிடிப்பூண்டியில் அபாயக் கழிவுக்கென்று முறையான நிரப்பிடம், அதாவது கழிவைப் புதைக்கும் இடம், இருக்கிறது. டன் கணக்கில் கட்டணம் கட்டி, லாரி வாடகை கொடுத்து அங்கே அனுப்ப வேண்டும். காயலான் கடைக்காரருக்கு அந்தச் செலவு இல்லை. அதனால்தான் உங்கள் ஃபிரிட்ஜுக்கு அவர் எங்களைவிடக் கூடுதல் விலை தர முடிகிறது. மிச்சத்தை அப்புறப்படுத்தும் செலவை ஊர் ஏற்றுக்கொள்கிறது.


பசுமை_வேங்கை
திங்கள், மதியம் 2.30

அப்படியானால் தீர்வு சுலபம். உரிமம் இல்லாத கடை மின்சாதனத்தைத் தொட்டால் சீல் வைக்க வேண்டும். ஒயரை எரித்தால் சிறை. டெல்லி சீலம்பூரிலும் மொராதாபாத்திலும் என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். ராம்கங்கா ஆற்றங்கரையில் போர்டை எரித்து, அமிலத்தில் கழுவி, சாம்பலை ஆற்றில் விட்டார்கள். கடுமையாக நடந்துகொள்ளாமல் எந்தச் சட்டமும் நடக்காது.


மதுரை_வக்கீல்
திங்கள், மாலை 6.20

வேங்கை அவர்களே, சீல் வைக்கும் வேலை 2012-லிருந்து நடக்கிறது. சீலம்பூரில் சோதனை போட்டால் வேலை அடுத்த தெருவுக்குப் போகும், அங்கேயும் போட்டால் நகரத்தைத் தாண்டி லோனிக்குப் போகும். வேலை நின்றதில்லை.

கொஞ்சம் வரலாறு சொல்கிறேன். முதல் விதிகள் 2011-இல் வந்து 1.5.2012-இல் நடப்புக்கு வந்தன. அதில் தயாரிப்பாளர் சேகரிக்க வேண்டும் என்று இருந்தது, எவ்வளவு என்று இல்லை. ஆளுக்கொரு சேகரிப்பு மையப் பட்டியலைத் தளத்தில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். 2016 விதிகளில் இலக்கு வந்தது. வாங்கும்போது முன்பணம் பிடித்து, பழையதைத் திருப்பிக் கொடுக்கும்போது வட்டியோடு தருகிற திட்டமும் ஒரு வழியாகச் சொல்லப்பட்டது. விருப்பம் இருந்தால் செய்யலாம் என்று எழுதியதால் பெரிதாக யாரும் செய்யவில்லை. பிரிப்பவர், சேகரிப்பு மையம், உற்பத்தியாளர் சார்பில் வேலையை எடுத்துச் செய்யும் அமைப்பு ஆகியோருக்கெல்லாம் அதில் சட்டப்படி ஓர் இடம் இருந்தது.

2022 விதிகளில் பதிவு செய்யவேண்டியவர்கள் நான்கே பேர்: பொருளைச் செய்பவர், தன் பெயரில் சந்தைக்குக் கொண்டுவருபவர், பழுது நீக்கி மறுபடி விற்பவர், மறுசுழற்சி செய்பவர். பிரிப்பவர் காணாமல் போய்விட்டார், சேகரிப்பவரும் போய்விட்டார். வீட்டு வாசலில் வந்து எடுப்பவருக்குச் சட்டத்தில் பெயர் இல்லாத ஒரு மின்கழிவுச் சட்டம் இது. என் பார்வையில் இதுதான் இதன் பெரிய ஓட்டை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதே விதிகளில், மின்கழிவைப் பிரிக்கவும் மறுசுழற்சி செய்யவும் தொழிற்பேட்டைகளில் மாநில அரசு இடம் ஒதுக்க வேண்டும், இந்த வேலை செய்யும் தொழிலாளர்களை அடையாளம் கண்டு பதிவு செய்ய வேண்டும், பயிற்சி தர வேண்டும் என்று இருக்கிறது. சீல் வைக்கச் சொல்கிற பக்கத்தை மட்டும் படித்துவிட்டு இந்தப் பக்கத்தை விட்டுவிடக் கூடாது.


கொடுங்கையூர்_காற்று
திங்கள், இரவு 9.10

மேட்டுக்குப் பக்கத்தில் வீடு உள்ளவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை. முழு டிவி, முழு கம்ப்யூட்டர் எதுவும் மேட்டில் கிடக்காது. கிடந்தாலும் பொறுக்குகிறவர்கள் அரை மணியில் எடுத்துவிடுவார்கள். கிடப்பது இவைதான்: எல்இடி பல்பின் வெள்ளை மூடி, உடைந்த ட்யூப் லைட், இயர்போன், ரிமோட், பத்து ரூபாய் டார்ச், அண்ணாச்சி சொன்ன மஞ்சள் பஃப், ஒயரை உரித்துவிட்டுப் போட்ட பிவிசி தோல்.

சென்னையின் இரண்டு பெரிய மேடுகளும், கொடுங்கையூரானாலும் பெருங்குடியானாலும், இப்போதைய முறைப்படி கட்டிய நிரப்பிடங்கள் கிடையாது. அடியில் விரிப்பு போட்டு, வடியும் நீரைப் பிடிக்கிற ஏற்பாட்டோடு தொடங்கியவை அல்ல. பெருங்குடி மேட்டை ஒட்டியே பள்ளிக்கரணை சதுப்பு நிலம், உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் ஏறிய இடம். சாப்பாட்டுக் கழிவு அழுகும்போது வரும் புளித்த நீர் ஈயத்தையும் காட்மியத்தையும் கரைத்துக் கீழே கொண்டுபோகும். தனியாக ஒரு கிடங்கில் கிடக்கிற பிக்சர் டியூபைவிட, எச்சில் இலையோடு கிடக்கிற பிக்சர் டியூப் மோசம்.

இன்னொன்றும் இருக்கிறது. மேட்டைத் தோண்டிச் சலித்து நிலத்தை மீட்கிறார்களே, அதில் கீழே விழுகிற மண்ணில் கன உலோகம் அளவுக்கு மேல் இருந்தால் அதை வயலுக்குப் போட முடியாது. இன்று கலக்கிற ட்யூப் லைட்டுக்கு நாளைக்கு இப்படி ஒரு பில் வரும்.


ஸ்டுட்கார்ட்_அக்கா
செவ்வாய், அதிகாலை 1.45

யாழ்ப்பாணத்தில் பிறந்து ஜெர்மனியில் கன காலம் இருக்கிற ஆள் நான். நீங்கள் கதைப்பதைப் பார்க்கும்போது ஒன்று சொல்லத் தோன்றுகிறது.

ஐரோப்பியச் சட்டத்தில் எடை இலக்கும் இருக்கிறது, ஆனால் அதோடு ஒரு பட்டியல் இருக்கிறது. எந்தப் பொருளாக இருந்தாலும் உடைக்க முதல் இன்னின்னதைக் கட்டாயம் பிரித்தெடுக்க வேண்டும் என்று: பாதரசம் உள்ள விளக்கு, பேட்டரி, புரோமின் சேர்ந்த பிளாஸ்டிக், பிக்சர் டியூபின் உட்பூச்சு, ஃபிரிட்ஜின் குழாயில் உள்ள வாயு, பஃபுக்குள் உள்ள வாயு. ஓம், பஃபுக்குள் உள்ளதும்தான். அதற்கென்று மூடிய அறைக்குள் ஃபிரிட்ஜை அரைக்கிற இயந்திரங்கள் இருக்கின்றன. அரைக்கும்போது வருகிற வாயுவை உறிஞ்சிப் பிடிப்பார்கள்.

கொடுப்பதும் சுலபம். 400 சதுர மீட்டருக்கு மேல் மின்சாதன விற்பனைப் பரப்பு உள்ள கடை, சின்னச் சாமான் என்றால் நீங்கள் ஒன்றும் வாங்காவிட்டாலும் திரும்ப எடுக்க வேண்டும். 2022-லிருந்து பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளுக்கும் அது வந்துவிட்டது.

இதையெல்லாம் வைத்து இங்கே எல்லாம் சரி என்று நினைக்க வேண்டாம். 2019-லிருந்து 65% சேகரிக்க வேண்டும் என்பது ஐரோப்பிய இலக்கு. ஜெர்மனி உட்பட பெரும்பாலான நாடுகள் அதைத் தொடவில்லை. சாமான் வீட்டு மேசை லாச்சிக்குள் தூங்கும், அல்லது பாவித்த சாமான் என்ற பெயரில் கப்பல் ஏறி கானாவுக்கும் நைஜீரியாவுக்கும் போகும். அபாயக் கழிவை நாடுவிட்டு நாடு அனுப்புவதைக் கட்டுப்படுத்துகிற பாஸல் ஒப்பந்தத்தில் திருத்தம் செய்து, 1.1.2025 முதல் எல்லா மின்கழிவுக்கும் இறக்குமதி நாட்டின் முன் சம்மதம் வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். "இது கழிவு இல்லை, செகண்ட் ஹேண்ட்" என்று எழுதிவிட்டால் அந்தக் கதவு இன்னும் கொஞ்சம் திறந்துதான் இருக்கிறது.


சிங்கை_ராத்திரி_ஷிப்ட்
செவ்வாய், காலை 7.30

சிங்கப்பூர் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே குப்பையை எரித்து, சாம்பலைக் கப்பலில் ஏற்றி செமாக்காவ் தீவில் கொட்டுகிறார்கள். வேறு நிரப்பிடம் கிடையாது, 2035 வாக்கில் அது நிரம்பிவிடும் என்று அரசே சொல்கிறது. அந்தப் பயத்தில்தான் 1.7.2021 முதல் மின்கழிவுக்கு உற்பத்தியாளர் பொறுப்புச் சட்டம் வந்தது. புது ஃபிரிட்ஜ் வீட்டுக்கு வந்தால் பழையதைக் கடைக்காரர் இலவசமாக எடுத்துக்கொண்டு போக வேண்டும். சின்னச் சாமான்களுக்கு மால்களிலும் சமூக மன்றங்களிலும் தொட்டி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் இங்கேயும் காயலான் கடைக்காரர் உண்டு, காராங்குனி என்பார்கள். தள்ளுவண்டியோடு அடுக்குமாடிக்குக் கீழே வந்து ஹார்ன் அடிப்பார். தொட்டியில் போட்டால் ஒரு காசு வராது, காராங்குனி சில வெள்ளி தருவார். எங்கள் புளோக்கில் வயதானவர்கள் யாரிடம் கொடுப்பார்கள் என்று சொல்ல வேண்டுமா? சிங்கப்பூரில் கூட அவரை ஒழிக்க முடியவில்லை. சென்னையில் ஒழிக்கலாம் என்கிற வேங்கை தம்பிக்கு வாழ்த்துகள்.


பசுமை_வேங்கை
செவ்வாய், காலை 8.05

அண்ணே, கிண்டல் இருக்கட்டும். யாரையும் ஒழிக்கச் சொல்லவில்லை, எரிப்பதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன். அமிலத்தில் கை விடுகிற பையனுக்குப் பதினாறு வயது இருக்கும். அவனைக் காப்பாற்றச் சட்டம் வேண்டாமா?


சர்வீஸ்_அண்ணாச்சி
செவ்வாய், காலை 8.50

வேண்டும் தம்பி. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் கடைக்காரர் வேறு, அமிலக்காரர் வேறு. தெருவுக்கு வருகிற கடைக்காரர் கழற்றிப் பிரித்து விற்பதோடு சரி. போர்டு அவரிடமிருந்து மொத்த வியாபாரிக்கு, அங்கிருந்து லாரியில் வடக்கே. எரிப்பதும் கழுவுவதும் கடைசிக் கண்ணியில் நடக்கிறது. கழற்றுகிற வேலையில் சரியாகச் செய்தால் பெரிய ஆபத்து இல்லை. எங்கள் ஆட்கள் ஒரு ஏசியை ஸ்குரூ டிரைவரை வைத்து எவ்வளவு சுத்தமாகப் பிரிப்பார்கள் என்று பார்த்தால் மெஷின்காரர்களே அசந்துபோவார்கள்.


ஓரகடம்_ஷிப்ட்
செவ்வாய், காலை 10.30

உண்மைதான். கையால் பிரித்து வந்த சரக்கில் எங்களுக்கு உலோகம் கூடக் கிடைக்கும். மெஷினில் மொத்தமாக அரைத்தால் தங்கமும் வெள்ளியும் தூளோடு தூளாகப் போய்விடும். நல்ல போர்டைப் பெல்ஜியத்தில் ஹோபோகன் என்ற ஊரில் இருக்கும் உமிகோர் உருக்காலை போன்ற இடங்களுக்கு அனுப்புகிற வழக்கம் இந்தியாவில் வெகுகாலமாக உண்டு. இங்கே அமிலத் தொட்டியில் கழுவினால் தங்கமும் கொஞ்சம் செம்பும்தான் வரும். அங்கே பலேடியம் வரை பதினேழு உலோகத்தை எடுக்கிறார்கள். கடைக்காரர் பிரிக்கட்டும், அமில வேலை மட்டும் ஆலைக்கு வரட்டும் என்று ஒரு கோடு போட்டால் இருவருக்கும் லாபம்.


தஞ்சை_வாத்தியார்
செவ்வாய், மதியம் 12.10

நீங்கள் எல்லாரும் மறந்த ஒரு பொருளை நினைவுபடுத்துகிறேன். 2006-இல் தொடங்கி 2011 வரை தமிழக அரசு வீடுவீடாக இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. ஒன்றரைக் கோடிப் பெட்டிகளுக்கு மேல். எல்லாம் 14 அங்குல டப்பா டிவி. அதற்கப்புறம் வந்த ஆட்சியில் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி, மாணவர்களுக்கு மடிக்கணினி. திட்டங்களைக் குறை சொல்ல வரவில்லை. எங்கள் ஊரில் பல வீடுகளுக்கு முதல் டிவி அதுதான். ஆனால் கொடுத்த அரசே அந்த மாடலுக்கு மொத்த வாடிக்கையாளர். ஒப்பந்தம் போடும்போதே "ஆயுள் முடிந்ததும் திரும்ப எடுக்கும் செலவு உன்னுடையது" என்று ஒரு வரி எழுதியிருந்தால் இந்தியாவிலேயே பெரிய திரும்பப்பெறும் திட்டம் அதுவாக இருந்திருக்கும்.

இப்போது அந்தப் பெட்டிகள் எங்கே? கழுத்தில் இருக்கும் செம்புச் சுருளையும் போர்டையும் கழற்றிவிட்டு, கண்ணாடியைக் குளத்தங்கரையில் உடைத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கண்ணாடியில் ஈயம் உண்டு என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவேன். எவ்வளவு என்று யாராவது சொல்லுங்கள்.


ஓரகடம்_ஷிப்ட்
செவ்வாய், மதியம் 12.55

ஐயா, முன்பக்கத் திரைக் கண்ணாடியில் ஈயம் மிகக் குறைவு, பேரியமும் ஸ்ட்ரான்சியமும்தான். பின்பக்கக் கூம்பில் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈய ஆக்சைடு. கதிர் வெளியே வராமல் இருக்க அப்படிச் செய்தார்கள். இரண்டையும் பிரிக்காமல் உடைத்தால் மொத்தமும் அபாயக் கழிவு.

முன்பு இந்தக் கண்ணாடிக்கு வாங்க ஆள் இருந்தது, புது பிக்சர் டியூப் செய்கிறவர்கள்தான். தட்டை டிவி வந்ததும் அந்தச் சந்தை செத்துப்போனது.


மதுரை_வக்கீல்
செவ்வாய், மாலை 5.40

இந்தக் கண்ணாடிக் கதைக்கு அமெரிக்காவில் ஒரு பாடமே இருக்கிறது. அங்கே பிக்சர் டியூபை நிரப்பிடத்தில் போடக்கூடாது என்று முதலில் தடை போட்ட மாநிலம் மாசசூசெட்ஸ், 2000-இல். பின்னால் பல மாநிலங்கள் போட்டன. தடை வேலை செய்தது, நிரப்பிடத்துக்குக் கண்ணாடி போகவில்லை. ஆனால் வாங்குகிற ஆலைகள் மூடிக்கொண்டே வந்தன. முன்கூட்டியே கட்டணம் வாங்கிக்கொண்டு கண்ணாடியைக் கிடங்கில் குவித்த நிறுவனங்கள் ஒருநாள் பூட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டன. ஒஹையோ மாநிலம் கொலம்பஸில் அப்படிக் கைவிட்ட கிடங்குகளில் பல்லாயிரம் டன் ஈயக் கண்ணாடி கிடந்து, அதை அப்புறப்படுத்தும் செலவு யாருடையது என்று நீதிமன்றத்தில் பெரிய வழக்கு நடந்தது.

கலிஃபோர்னியா வேறு வழியில் போனது. 2003-இல் சட்டம், 2005 முதல் திரை உள்ள சாதனம் வாங்கும்போதே கடையில் ஒரு சிறு கட்டணம். அந்தப் பணத்திலிருந்து சேகரிப்பவருக்கும் உடைப்பவருக்கும் எடைக்கு ஏற்ப அரசு கொடுக்கும். குறை இல்லாத திட்டம் என்று சொல்ல மாட்டேன், பக்கத்து மாநிலத்துப் பெட்டிகளைக் கடத்தி வந்து கணக்குக் காட்டிய மோசடிகள் அங்கே உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே பணம் போனது கண்ணாடியோடு சேர்த்து முழுப் பெட்டிக்கும். நம் விதிகளில் பணம் போவது கழற்றிய செம்புக்கு.


கொரட்டூர்_வாசி
செவ்வாய், இரவு 8.15

இப்போது எனக்கு ஓரளவு புரிகிறது. விலை போகிற பாகத்தைச் சந்தையே பார்த்துக்கொள்ளும். விலை போகாத பாகத்துக்குத்தான் சட்டம் வேண்டும், ஆனால் நம் சான்றிதழ் விலை போகிற பாகத்துக்குக் கிடைக்கிறது. அப்படியென்றால் பஃபுக்கும் கண்ணாடிக்கும் கேஸுக்கும் சான்றிதழ் கொடுத்துவிட்டால் போதுமே? கும்மிடிப்பூண்டிக்கு இவ்வளவு கிலோ பஃப் போனது என்று ரசீது காட்டு, சான்றிதழ் வாங்கிக்கொள். இதில் என்ன சிக்கல்?


ஓரகடம்_ஷிப்ட்
செவ்வாய், இரவு 10.20

சிக்கல் இருக்கிறது சார், நீங்கள் நினைப்பதைவிடப் பெரியது. நான்கு உலோகத்தை மட்டும் எடுத்ததற்குக் காரணம், அவற்றை விற்றால் பில் இருக்கும், ஜிஎஸ்டி இருக்கும், வாங்கியவர் கணக்கோடு ஒத்துப்பார்க்கலாம். பிளாஸ்டிக் பேக்கிங்குக்கு இதே மாதிரிச் சான்றிதழ் வந்ததும் என்ன ஆனது? 2023-இல் மத்திய வாரியம் சோதித்தபோது குஜராத், மகாராஷ்டிரம், கர்நாடகத்தில் ஒரு சில மறுசுழற்சி நிறுவனங்கள் மட்டும் ஆறு லட்சம் போலிச் சான்றிதழ் போட்டிருந்தன. யாரும் வாங்காத பொருளுக்குச் சான்றிதழ் கொடுத்தால் ஒரே லாரி பஃப் பத்து முறை எடை மேடையில் ஏறும்.

இதில் விலைச் சண்டை வேறு. சான்றிதழ் அடிமாட்டு விலைக்குப் போனதால், வீட்டு உபயோகச் சாதனங்களுக்கு மறுசுழற்சி செய்பவருக்குக் கிலோவுக்கு 22 ரூபாயாவது கொடுக்க வேண்டும் என்று 2024-இல் அரசு தரைவிலை வைத்தது. இது நாங்கள் கொடுத்துவந்ததைவிடப் பல மடங்கு என்று டைகின், வோல்டாஸ், சாம்சங், எல்ஜி என வரிசையாக டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவர்கள் வாதத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது: சட்டத்துக்கு வெளியே நடக்கிற வியாபாரத்தை அரசு பிடிக்காமல், அந்தச் செலவை எங்கள் தலையில் கட்டுகிறது என்கிறார்கள். ஆனால் குறைந்த விலையில் கிடைக்கிற சான்றிதழ் எதைச் செய்யாமல் விட்டதால் குறைந்தது என்று அவர்கள் கேட்பதில்லை. கேட்டால் பதில் பஃப், கண்ணாடி, கேஸ்.


சர்வீஸ்_அண்ணாச்சி
செவ்வாய், இரவு 10.55

அப்போ முழுசாக வருகிற சாமானுக்குக் காசு கொடுங்கள். பஃபைத் தனியாக எடை போட்டால் தானே பத்து முறை மேடை ஏறும்? பாடி, பஃப், கம்ப்ரஸர் எல்லாம் ஒட்டியபடி, கேஸ் உள்ளேயே இருக்கிற ஃபிரிட்ஜ் ஒன்றை ஆலை வாசலில் இறக்கினால், கொண்டுவருகிற கடைக்காரருக்குக் கையில் இவ்வளவு என்று வையுங்கள். சீரியல் நம்பர் இருக்கிறது, ஒரே ஃபிரிட்ஜை இரண்டு முறை காட்ட முடியாது. செம்பைக் கழற்றி விற்பதைவிட நூறு ரூபாய் கூடக் கிடைத்தால் போதும், எங்கள் ஏரியாவில் ஒருத்தரும் பைப்பை நறுக்க மாட்டார்.


மதுரை_வக்கீல்
புதன், காலை 7.20

அண்ணாச்சி, இதை நீங்கள் அமைச்சகத்துக்கே எழுதலாம். இந்த நூறு ரூபாயை யார் தருவது என்பதற்குத்தான் கலிஃபோர்னியா மாதிரிக் கட்டணமோ, 2016 விதிகளில் விருப்பத்துக்கு விட்ட முன்பணமோ வேண்டும். முப்பதாயிரம் ரூபாய் ஃபிரிட்ஜில் முந்நூறு ரூபாய் முன்பணம் இருந்தால் வாங்குகிறவர் யோசிக்க மாட்டார். ஆனால் பத்து வருஷம் கழித்து அதைக் கேட்டு வாங்க யாராவது வருவார். அது வீட்டுக்காரராகவும் இருக்கலாம், காயலான் கடைக்காரராகவும் இருக்கலாம்.

விதிகளில் குறு நிறுவனங்களுக்கு விலக்கு இருப்பதையும் சேர்த்துப் பாருங்கள். பெயர் தெரியாத எல்இடி பல்பு, சார்ஜர் செய்கிற பலர் அந்த விலக்குக்குள் வருவார்கள். கொடுங்கையூர் நண்பர் போட்ட பட்டியலில் பாதி அந்தப் பொருள்கள்தான். பல்பை யாரும் ஆலை வாசலுக்குக் கொண்டுவர மாட்டார்கள். அதற்கு உள்ளாட்சிதான் வழி.


ரிச்சி_தெரு_ராணி
புதன், காலை 9.35

ஒரே ஒரு குறுக்கீடு. பத்து வருஷம் கழித்து என்று எழுதுகிறீர்கள், இப்போது வருகிற சாமான் மூன்று வருஷம் தாண்டுவதில்லையே? பேட்டரியைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள், கழற்ற முயன்றால் டிஸ்ப்ளே போய்விடுகிறது. பழுது பார்க்கும் கடைகள் நிறைந்த எங்கள் ரிச்சி தெருவில் ஒரு லேப்டாப்பை இன்னும் மூன்று வருஷம் ஓட வைத்தால் அதற்கு ஒரு சான்றிதழ் உண்டு, இலக்கு தள்ளிப்போகும் என்று விதி சொல்கிறது. ஆனால் அதற்குப் பதிவு, தளம், கணக்கு எல்லாம் வேண்டும். பத்துக்குப் பத்துக் கடையில் உட்கார்ந்து சால்டரிங் வைக்கிறவருக்கு அது எட்டாது. உதிரிப் பாகத்தை வெளியில் விற்க வேண்டும் என்று கம்பெனியைக் கட்டாயப்படுத்தினாலே போதும், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.


கொரட்டூர்_வாசி
புதன், மாலை 6.45

நன்றி ராணி அக்கா, அதற்குத் தனி இழையே தொடங்கலாம்.

சங்கத்தில் பேசி இப்போதைக்கு ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். ஃபிரிட்ஜையும் டிவியையும் கழற்றாமல் முழுசாகப் பதிவு பெற்ற ஆலைக்குக் கொடுக்கிறோம். காயலான் கடைக்காரர் சொன்ன விலைக்கும் ஆலை தருகிற விலைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சங்க நிதியிலிருந்து போட்டுக்கொள்கிறோம். ஆலைக்கு ஏற்றிக்கொண்டு போகிற வேலையை அதே கடைக்காரருக்கே கொடுத்திருக்கிறோம், வண்டி அவருடையது, கூலி எங்களுடையது. வக்கீல் சார், பல்பு, சார்ஜர் பற்றி மாநகராட்சிக்கு மனு எழுத வேண்டும். எந்த இடத்தைச் சுட்டுவது?


மதுரை_வக்கீல்
புதன், இரவு 8.30

2022 விதிகளில் உள்ளாட்சிகளின் கடமை என்று அட்டவணையில் இருக்கிறது. நகரக் குப்பையோடு கலந்து வருகிற மின்கழிவைப் பிரித்து, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோ பழுது நீக்குபவரிடமோ சேர்க்க வேண்டும். யார் செய்தது என்று தெரியாத அநாதைப் பொருள்களையும் சேகரித்து அப்படியே சேர்க்க வேண்டும். பெயர் தெரியாத பல்பும் சார்ஜரும் அந்த இரண்டாவது வரிக்குள் அழகாக உட்காரும். "செய்யுங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். எங்கள் வார்டில் எந்த நாளில், எந்த வண்டியில், எந்த ஆலைக்கு, சென்ற ஆண்டு எத்தனை கிலோ போனது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அதே கேள்விகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் போடலாம்.


சர்வீஸ்_அண்ணாச்சி
புதன், இரவு 9.05

மனுவில் ட்யூப் லைட்டைத் தனியாக எழுதுங்கள் சார், சார்ஜரோடு சேர்த்து ஒரே மூட்டையாகப் போட்டுவிடாதீர்கள். அது உடைந்தால் பாதரசம் வெளியே போய்விடும், அதனால் வந்த அட்டை உறையிலேயே வைத்து வாங்க வேண்டும். பாதரசத்தைக் கட்டுப்படுத்துகிற சர்வதேச மினமாட்டா ஒப்பந்தப்படி சிஎஃப்எல் பல்புக்கு 2025, நீள ட்யூபுக்கு 2027 என்று உற்பத்தியை நிறுத்தக் கெடு வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம், ஆபீஸ், கல்யாண மண்டபம் எல்லாம் ஒரே நேரத்தில் கழற்றி எல்இடி மாட்டப் போகிறார்கள். கழற்றியதை வாங்கக் காயலான் கடைக்காரர்கூட வர மாட்டார்.